திருக்கோயிலும் உள்ளூர்த் தொழிலும்

திருக்கோயில் எழுந்த இடமெல்லாம் தொழிலும் தழைத்தது என்பது தமிழர் வரலாறு காட்டும் உண்மையாகும். இதற்குத் தமிழகக் கல்வெட்டுகளும் சான்று. நாம் வாழும் சிங்கப்பூரின் வரலாறும் சான்று.

முதலாம் இராசராச சோழன் எழுப்பிய தஞ்சைப் பெருவுடையார் கோயில் 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அங்கே ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் வழங்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்வாடுகள் அவ்வூர்ப் பகுதி இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் விளக்கொன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்கப்பட வேண்டியிருந்தமையால் இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். நெய் அளந்தது போக எஞ்சிய பயன் இடையர்க்கு உரியதாயிற்று. சந்நிதியில் விளக்கு எரிந்தது. இடையர் குடியில் அடுப்பும் எரிந்தது.

தேவையானதை அருகிலிருப்போரிடம் பெற்று அவரையும் வாழவைக்கும் இம்முறையின் சாயலைச் சிங்கப்பூரின் தொடக்க நாள்களிலும் காண்கிறோம். 1819 ஆம் ஆண்டு மே மாதத்தில் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவர் திரு. நாராயண பிள்ளை. புதிதாக உருவாகும் ஊருக்கு வீடுகள் வேண்டும் என்பதை உணர்ந்த அவர், தஞ்சோங் பகார் பகுதியில் செங்கற்சூளை அமைத்தார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இந்நாட்டின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். 1822 ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அவருடைய துணிக்கடை அழிந்தது, கடன் சூழ்ந்தது. எனினும் மனந்தளராது மீண்டும் எழுந்தார். 1827 ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன மாரியம்மன் கோயில் எழுந்ததற்கு அவரே முதற்காரணர். ஊருக்குச் செங்கல் தந்த தொழிலே ஊருக்குக் கோயில் தந்தவரையும் உருவாக்கியது.

சிராங்கூன் சாலை வட்டாரத்தின் கதையும் இதுவே. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் முன்னாளில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என வழங்கப்பட்டது. சுண்ணாம்புச் சூளைகளில் உழைத்த தமிழரின் நினைவு அப்பெயரில் நிலைத்தது. அச்சாலையில் அரசாங்கச் செங்கற்சூளையும் 1858 ஆம் ஆண்டில் தோன்றியது. இந்தியக் கைதிகள் அங்கே பாடுபட்டனர். நீரும் புல்லும் நிறைந்திருந்தமையால் மாட்டு வணிகம் பெருகியது. எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் இன்றும் உள்ளது. மாடுகள் இருந்தமையால் கோதுமை அரைத்தல், எள்ளெண்ணெய் ஆட்டுதல் ஆகிய தொழில்களும் அங்கே வளர்ந்தன. நகராட்சிக் கட்டுப்பாடுகளால் 1930களில் மாட்டுத் தொழில் மங்கியபோது, அதனைச் சார்ந்து நின்ற தொழில்களும் தளர்ந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் கழலும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

இன்று அச்சங்கிலியில் நாமும் ஒரு கண்ணி. பூமாலை கட்டுபவரிடம் நாம் கொடுக்கும் வெள்ளி அவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் மளிகைக் கடையில் அரிசி வாங்குகிறார். மளிகைக்காரர் தையற்காரருக்குக் கூலி தருகிறார். தையற்காரர் திருக்கோயில் உண்டியலில் காணிக்கை செலுத்துகிறார். பூவும் வாழையிலையும் வெளிநாட்டிலிருந்து வருபவைதாமே, இதில் உள்ளூர் எங்கே உள்ளது எனச் சிலர் வினவலாம். சரக்கு கடல் கடந்து வரினும் அதனைத் தொடுக்கும் கை உள்ளூர்க் கை. அக்கைத்திறன் மறைந்துவிட்டால், திருவிழா நாளில் தேடினாலும் கிட்டாது.

ஆயினும் அருகிலிருப்பவர், அறிமுகமானவர் என்பதையே தகுதியாகக் கொள்ளலாகாது. செலவிடப்படுவது அன்பர்களின் காணிக்கைப் பணம். ஆகவே சிறு கொள்முதலாயினும் பலரிடம் விலை கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். பூ, பந்தல், அன்னதானம், அச்சுவேலை அனைத்தையும் ஒருவரிடமே ஒப்படைக்காமல் தனித்தனியே பிரித்தால் சிறு வணிகரும் போட்டியிட இயலும். பொருள் வந்து சேர்ந்தவுடன் பணம் கொடுத்துவிடுதல் வேண்டும். பெரிய நிறுவனம் மூன்று மாதம் பொறுத்திருக்கும்; அன்றாடம் சரக்கு வாங்கி விற்பவருக்கு அவ்வாறு பொறுத்திருக்க முதலில்லை.

இன்னுமொன்று. 'கோயில் காரியந்தானே' என்று கூறிச் சிறு வணிகரின் கூலியைக் குறைப்பது முறையன்று. உபயம் என்பது அவராக மனமுவந்து தருவது. கூலி என்பது நாம் தரக் கடமைப்பட்டது. தஞ்சைக் கோயிலிலும் இடையர் வெறுங்கையோடு நெய் அளக்கவில்லை.

இவ்வாண்டுத் திருவிழாவிற்கு மாலை தொடுத்தோர், பந்தலிட்டோர், சமைத்தோர், இம்மலரை அச்சிட்டோர் ஆகிய அனைவர் இல்லங்களிலும் விழாவின் மகிழ்ச்சி நிறைய வேண்டும். அதற்கான நல்லறிவையும் நற்செயலையும் எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.