பழைய பாட்டு கேட்க வந்த கூட்டம்

1971 அக்டோபர் 15 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பழைய ராக் அண்ட் ரோல் நட்சத்திரங்களின் கச்சேரி. சக் பெர்ரி, போ டிட்லியோடு ரிக்கி நெல்சனும் பாடினார். சிறுவனாக இருந்தபோதே டிவி தொடரில் நடித்து வீட்டுப் பிள்ளைபோல ஆனவர் அவர். அன்று தோள்வரை முடி வளர்த்து வந்தார். தன் பழைய பாட்டுகளுக்குப் பின் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றை எடுத்தார். கூட்டத்தில் கூச்சல். போலீசாரைப் பார்த்துத்தான் கத்தினார்கள் என்றும் சொல்வதுண்டு. தன்னைத்தான் என்று நினைத்து அவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அந்த வருத்தத்தையே 'கார்டன் பார்ட்டி' என்று பாட்டாக்கினார். 1972இல் அது அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது.

இதில் நான் பார்ப்பது இதுதான்: ரசிகர்கள் டிக்கெட் வாங்கியது தங்கள் இளமையைப் பார்க்க. அவரோ தன் 31 வயதோடு வந்து நின்றார். பிடித்த கலைஞருக்கும் வயதாகும், மனம் மாறும். அதையும் சேர்த்துக் கேட்பதுதான் ரசனை.