கணக்கில் தோற்ற சிறுமியரின் பள்ளி

1863-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், லண்டன் மாநகரில் 83 சிறுமியர் ஒரு சோதனைத் தேர்வெழுத அமர்ந்தனர். ஆண் மாணவர்க்கெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்திவந்த பள்ளித் தேர்வின் வினாத்தாள்களே அவர்களுக்கும் வழங்கப்பெற்றன. மூத்த பிரிவினருள் மிகப் பெரும்பாலோர் கணக்கில் தோற்றனர். பெண்மூளைக்குக் கணக்கு ஏறாது என்று பேசிவந்தோர்க்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? "நமக்குக் கணக்கு வராது" எனக் கேட்டே வளர்ந்த நம்மவர்க்கு இப்பேச்சு புதிதன்று.

அச்சிறுமியருள் ஏறத்தாழ 25 பேர் பிரான்சிஸ் மேரி பஸ் என்னும் ஆசிரியையின் மாணவியர். ஓவியர் ஒருவரின் மகளாக 1827-இல் பிறந்த இவர், குடும்ப வறுமையால் பதினான்காம் வயதிலேயே கற்பிக்கத் தொடங்கியவர். பகலில் கற்பித்து, மாலையில் குவீன்ஸ் கல்லூரி வகுப்புகளுக்குச் சென்று தாமும் கற்றார். 1850 ஏப்ரல் 4-இல், 35 மாணவியருடன், கேம்டன் தெருவில் வடலண்டன் காலேஜியேட் பள்ளியைத் தொடங்கினார். தேர்வுத் தோல்விக்கு அவர் கண்ட காரணம் எளியது: பெண்களுக்குக் கணக்கை ஒழுங்காகக் கற்பித்தவர் எவருமிலர். தம் பள்ளியில் அக்குறையைக் களைந்தார். 1865-இல் அத்தேர்வு பெண்களுக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில், கல்வி நிலையை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழுவின் முன் அவர் சாட்சியமும் அளித்தார்.

பணத்தின் கதையையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் கிராமர் பள்ளிகள் இலத்தீன் இலக்கணம் கற்பிக்க எழுந்த பழம்பள்ளிகள். முன்னோர் எழுதிவைத்த அறக்கட்டளைச் சொத்துகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பயன்பட்டுவந்தன. 1869-ஆம் ஆண்டுச் சட்டமே, அச்செல்வத்தில் இயன்றவரை பெண்களுக்கும் பங்களிக்க வேண்டும் என்றது. "இயன்றவரை" என்ற சொல்லின் இழுவையை நாம் நன்கறிவோம்! பஸ் அம்மையாரோ தமக்குச் சொந்தமான பள்ளியை அறங்காவலரிடம் ஒப்படைத்து, அங்கேயே ஊதியம் பெறும் தலைமையாசிரியையாக அமர்ந்தார். 1871-இல், குறைந்த கட்டணத்தில் கேம்டன் பெண்கள் பள்ளியையும் நிறுவினார். 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் கிராமர் பள்ளியாக இயங்கிய அது, 1970-களில் தேர்வின்றி அனைவரையும் சேர்க்கும் பொதுப் பள்ளியாயிற்று.

முதற்பள்ளியின் மரபுகளுள் இனியது நிறுவனர் நாள். அன்று மாணவியர் டாஃபடில் மலர் அணிவர். அது அம்மையார் விரும்பிய மலர். ஏழையர்க்கு ஆடை தைத்தளிக்கும் வழக்கமும் இருந்தது. ஆயினும் எல்லாம் போற்றத்தக்கனவல்ல. எதற்கெடுத்தாலும் ஒரு விதி என்னுமளவிற்கு அங்கே விதிகள் மலிந்திருந்தன. 1880-களில் அங்குச் சேரவந்த பெண்ணொருத்தி, சட்டையில் பொத்தான் துளை தைத்துக் காட்டவேண்டியிருந்ததைப் பிற்காலத்தில் நகைச்சுவையுடன் எழுதிவைத்தாள். உலகின் ஐயத்திற்கு அஞ்சி, ஒழுங்கை அளவுக்கு மீறி இறுக்கினர் போலும்.

1875-இல் அப்பள்ளிக்குக் கணித ஆசிரியையாக வந்தவர் டப்ளினில் பிறந்த சோஃபி பிரையன்ட். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1884-இல் இங்கிலாந்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண்மணியானார். 1894-இல் பஸ் அம்மையார் மறைந்தபின் தலைமைப் பொறுப்பேற்று 1918 வரை பள்ளியை நடத்தினார். கணக்கு வராது எனப்பட்ட சிறுமியரின் பள்ளியிலிருந்தே, தேன்கூட்டு அறைகளின் வடிவத்தைக் கணிதத்தால் ஆராய்ந்த அவரது கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டிற்குச் சென்றது.