குன்னூர் எலிகளும் ஜவ்வாது மலைச் சாமையும்

புறநானூற்றின் 190ஆம் பாடல் சோழன் நல்லுருத்திரன் பாடியது. விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையில் அடைத்து வைக்கும் எலியைப் போன்றவர்களின் நட்பு வேண்டாம், புலி போன்ற வேட்கையுடையவர்களின் நட்பே வேண்டும் என்பது அதன் கருத்து. சில ஆண்டுகளுக்கு முன் இதை நடத்திக்கொண்டிருந்தபோது, ஜவ்வாது மலையிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எலி திருடுறதுக்கு முதல்ல வீட்டுல தானியம் இருக்கணுமே. எங்க வீட்டுத் தொம்பை காலியாகிப் பல வருசமாச்சு. இப்ப எலிகூட வர்றதில்லை" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பின்னர் ஒரு விடுமுறையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இருக்கும் அவருடைய ஊருக்குச் சென்றேன். மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய தொம்பை வீட்டு மூலையில் நின்றது. எலி ஏறாதபடி கற்களின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே சாமை இல்லை. பழைய துணிகள் இருந்தன. பக்கத்தில் ரேஷன் அரிசி மூட்டை.

எலிக்கு எட்டாதவாறு மனிதன் வீடு கட்டிய கதை இது. எலிக்கென்றே வீடு கட்டி, வேளை தவறாமல் உணவிட்ட கதை ஒன்றும் உண்டு. அதுவும் நம் மாநிலத்து மலையொன்றில்தான் நடந்தது.

எலி வளர்ப்பு நாம் நினைப்பதைவிடப் பழையது. ஜப்பானில் அழகுக்காக எலி வளர்ப்போருக்கென 1775இலேயே ஒரு கையேடு அச்சாகியிருக்கிறது. விக்டோரியா அரசியின் எலிபிடிப்பாளராக அறியப்பட்ட ஜாக் பிளாக், பிடித்தவற்றுள் அபூர்வ நிறமுடையவற்றைக் கொல்லாமல் வளர்த்து விற்றார். கூண்டுக்குப் பழகிய வெள்ளெலி பிறகு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இனம் உலகெங்கும் பரவியது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 1918இல், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வகமே வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆயிற்று. அவருடைய எலிகளின் வாழ்க்கை பொறாமைப்படத் தக்கது. தூய்மையான, விசாலமான கூண்டுகள், படுக்க வைக்கோல், நாள்தோறும் வெயில். உணவோ முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் கேரட்டும் முட்டைக்கோசும், பால், எப்போதாவது எலும்போடு சிறிது இறைச்சி. இரண்டேகால் ஆண்டுக் காலத்தில் இந்த எலிகளுள் ஒன்றுகூட நோயுறவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். அக்காலத்து இந்தியக் குழந்தைகளுக்கு வாய்க்காத பேறு இது!

அவர் செய்தவற்றுள் பெரிதும் பேசப்பட்டது ஏழு உணவுகளின் ஒப்பீடு. இளம் எலிகளைக் குழுவுக்கு இருபதாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், மதராஸி என ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மக்களின் உணவைக் கொடுத்தார். முடிவில் சீக்கியர் உணவு உண்ட எலியின் சராசரி எடை 235 கிராம். கடைசி இடத்தில் நின்ற நம் மதராஸி எலி 155 கிராம். தீட்டி, கழுவி, சத்தெல்லாம் இழந்த அரிசியே அதன் முதன்மை உணவு. பாலும் கீரையும் மிகக் குறைவு.

இந்த முடிவில் ஓர் உண்மையும் ஒரு பிழையும் சேர்ந்தே இருக்கின்றன. தீட்டிய அரிசியின் குறையைச் சுட்டியது உண்மை; பின்னால் வந்த ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. ஆனால் ஒரு மக்கள் முழுவதற்கும் ஒரே தட்டு என்பது எங்ஙனம் பொருந்தும்? அந்தத் தட்டு வறுமையின் தட்டு. வறுமைக்கு இனப்பெயர் சூட்டினால், படைக்கு ஏற்ற இனம், ஏலாத இனம் என்று பிரித்துப் பழகிய ஆட்சிக்கு அது வசதியாகிவிடும். மெக்காரிசனே வேறொரு சோதனையில் ஆங்கிலேய ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், டப்பா இறைச்சி, ஜாம். அறுபதாம் நாளளவில் அவை தமக்குள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. குறை இனத்தில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்த ஏழு தட்டுகளில் சாமை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாமையும் கேழ்வரகும் துவரையும் அவரையும் உண்ட மலையாளிப் பழங்குடியினர் சென்னை மாகாணத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கென ஒரு எலிக்கூண்டு ஒதுக்கப்படவில்லை. சிறுதானியத்தை அவர் அறியாதவரும் அல்லர். கோயம்புத்தூரின் பி. விசுவநாத்துடன் சேர்ந்து, தொழுவுரமிட்டு விளைந்த சிறுதானியத்தின் சத்தை ரசாயன உரமிட்டதோடு ஒப்பிட்டு 1926இல் கட்டுரை வெளியிட்டவர்.

குன்னூர் ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. எலிகளும் உடன் சென்றன. அங்கே வளர்க்கப்பட்ட விஸ்டார் எலிகளிடையே 1996இல் பருத்த எலி ஒன்று தோன்றியது. அதன் வழிவந்தவை இன்று உடற்பருமன் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. பசியின் நோயை ஆராய வந்த எலிக்கூட்டம், மிகையின் நோயை ஆராயவும் உதவுகிறது.

மாணவரின் தாயாரிடம், சாமையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அரிசி வந்தப்புறந்தான் சாமி வயித்துப் பசி போச்சு. சாமை குத்துற கை உங்களுக்கா நோவும்?" என்றார். நான் வாயடைத்துப் போனேன். சாமையின் பெருமையைப் பேசும் நம்மில் யாரும் உலக்கை பிடித்தவர்கள் அல்லர். உமி நீக்கும் இயந்திரம் ஊருக்குள் வராமல், சிறுதானிய ஆண்டென்று 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியதால் மட்டும் தொம்பை நிறைந்துவிடாது.

கூண்டெலிக்குத் தன் உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இட்டதை உண்ண வேண்டும். நல்லுருத்திரன் இகழ்ந்த வயலெலி திருடுகிறதுதான், ஆனால் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்கிறது. இப்போதெல்லாம் அப்பாடலை நடத்தும்போது புலியின் பக்கம் முழுமனத்தோடு நிற்க என்னால் முடிவதில்லை.