திரையில் தங்கும் நிழல்

ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் ‘சேவ்’ ஆவது எது? வேலைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் நான் கேட்கும் கேள்வி இது. பாதிப் பேர் கரண்ட் என்பார்கள், மீதிப் பேர் பேட்டரி என்பார்கள். இரண்டும் இல்லை. அது காப்பாற்றியது, பழைய மானிட்டரின் கண்ணாடிக்கு உட்புறம் பூசியிருந்த ஒரு பொடியை. அந்த மானிட்டர்கள் நம் மேசையை விட்டுப் போய்விட்டன. பெயர் மட்டும் நிற்கிறது. அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழைய பயமும் நிற்கிறது. அந்தப் பயத்தால் உயிருள்ள கணினிகள் எடைக்குப் போகின்றன என்பதால் இந்தக் குறிப்பு.

வருசநாட்டில் என் உறவுக்காரர் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று காலை முதல் ராத்திரி வரை ஒரே மாதிரிப் படிவங்கள்தான் அவர் திரையில் நிற்கும். கணினி பழசு. திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் ஆல்-இன்-ஒன் வகை. சில மாதங்களுக்கு முன் போன் செய்தார்.

“தம்பி, படிவத்தை மூடுன பெறகும் அதோட கோடு எல்லாம் அப்படியே நிக்குது. தேனியில காட்டுனேன். ஸ்கிரீன் எரிஞ்சு போச்சு, இந்த மாடலுக்குப் பேனல் கெடைக்காது, வேற வாங்கிடுங்கன்றாங்க.”

‘எரிஞ்சு போச்சு’ என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு.

பொடி தேய்ந்த காலம்

பழைய டிவியிலும் மானிட்டரிலும் இருந்தது சிஆர்டி குழாய். பின்னாலிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்ந்து வந்து, கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பர் பொடியில் மோதும். பொடி ஒளிரும். மோத மோத அந்தப் பொடியின் ஒளிரும் திறன் குறையும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், அந்த எழுத்தின் வடிவத்தில் மட்டும் பொடி கிழடாகிவிடும். இதுதான் பர்ன்-இன். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பச்சை எழுத்து மானிட்டர் இதற்குப் பேர்போனது.

1998இல் நான் பி.இ. சேர்ந்தபோது எங்கள் கல்லூரி லேபில் இப்படிச் சில கறுப்பு வெள்ளை மானிட்டர்கள் மிச்சம் இருந்தன. சுவிட்சை அணைத்த பிறகும், வெளிச்சம் சாய்ந்து விழும்போது, கண்ணாடியில் லாகின் கேட்கும் வரியை வாசிக்க முடியும். அணைத்த பிறகும் தெரிகிறதே, அதுதான் விசயம். அங்கே பொருளே மாறிப்போயிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும்.

அந்தத் தடுப்புதான் ஸ்கிரீன்சேவர். ஜான் சோச்சா என்பவர் ஐபிஎம் பிசிக்காக எழுதிய ‘ஸ்க்ரன்சேவ்’ என்ற சின்ன நிரல், 1983 டிசம்பரில் சாஃப்டாக் பத்திரிகையில் வெளியானது. மூன்று நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பின்னாளில் நார்ட்டன் கமாண்டரை எழுதியவரும் இவரே. டாஸ் காலத்து ஆட்களுக்கு அந்த நீலத் திரை ஞாபகம் இருக்கும். 1989இல் ‘ஆஃப்டர் டார்க்’ வந்தது. ரொட்டி சுடும் டோஸ்டர்களுக்குச் சிறகு முளைத்துத் திரையில் பறந்தன. காவல்காரன் வேடிக்கை காட்டுபவன் ஆனான்.

பிறகு 1992இல் அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் திட்டம் வந்தது. சும்மா இருக்கும் மானிட்டர் தானாகத் தூங்க வேண்டும் என்பது வழக்கமானது. அப்போதே ஸ்கிரீன்சேவரின் தேவை பாதி போய்விட்டது. ஆனாலும் அது சாகவில்லை. 1999இல் தொடங்கிய செட்டி@ஹோம் திட்டம், வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் கணக்கை உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகளில் ஸ்கிரீன்சேவராகவே ஓட்டியது.

இப்போது தங்குவது வேறு

எல்சிடி திரையில் பொடியும் இல்லை, எலக்ட்ரான் கற்றையும் இல்லை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம், மின்னழுத்தம் கொடுத்தால் திரும்பி வழிவிடும் அல்லது மறைக்கும். ஜன்னல் பலகை மாதிரி. அழுத்தத்தை ஒரே திசையில் கொடுத்தால் படிகத்தில் கலந்திருக்கும் அயனிகள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் இரண்டு திசையும் துல்லியமாகச் சமமாக இருப்பதில்லை. ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்து, அயனிகள் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். படம் மாறினாலும் அங்கே கொஞ்சம் மின்னூட்டம் மிச்சம் இருக்கும். அதுதான் நாம் பார்க்கும் நிழல். இதை இமேஜ் ரிட்டென்ஷன் என்கிறார்கள்.

ஆக இது எரிந்த தழும்பு இல்லை. வைகையில் வெள்ளம் வடிந்த பிறகு மணலில் கிடக்கும் ஈரம் மாதிரி. விட்டால் காயும். ஐபிஎஸ் வகைத் திரைகளில் இது வரக்கூடியதுதான், பழுது இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

போனிலேயே பார்த்த வைத்தியம்

சித்தப்பாவிடம் வரிசையாகச் சிலவற்றைச் செய்யச் சொன்னேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் நிழல் இல்லை. இருந்திருந்தால் கோளாறு மென்பொருளில். இல்லாததால் அது திரையில்தான்.

அடுத்து கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்னால் தெரியும் கம்பெனி லோகோவின் பின்னால் கோடு தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். மங்கலாகத் தெரிந்தது. திரைதான் என்பது உறுதியானது.

மூன்றாவதாக, ஒரே சாம்பல் நிறப் படத்தைத் திரை முழுக்க வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னேன். நிழல் சாம்பலில்தான் நன்றாகத் தெரியும். இது முன்-பின் ஒப்பிடுவதற்கு.

கடைசியாக, ராத்திரி கடை மூடும்போது கணினியை முழுதாக அணைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அதுவரை இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு ஸ்கிரீன்சேவர், கடைப் பெயர் நடுவில் அசையாமல் நிற்கும்! காப்பாற்ற வந்தவனே நிழல் விழக் காரணமாக இருந்திருக்கிறான். 2008க்குப் பிந்தைய மின்வெட்டு வருசங்களில் இந்தத் தொல்லை வந்திருக்காது. மின்வாரியமே திரைக்கு ஓய்வு கொடுத்திருக்கும்.

வெள்ளைப் படத்தை இரவெல்லாம் ஓடவிட்டால் நிழல் போகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை. மலிவான டிஎன் வகைத் திரையில் அழுத்தம் இல்லாத நிலை வெள்ளை, அதனால் அங்கே வெள்ளை ஓய்வு. ஐபிஎஸ்ஸில் அது தலைகீழ், கறுப்புதான் ஓய்வு. எந்த வகை என்று தெரியாவிட்டால் அணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் அது பொருந்தும். ஓஎல்ஈடி திரையில் மட்டும் வெள்ளையை ஓட்டவே வேண்டாம். அங்கே புள்ளிகளே ஒளிர்ந்து தேய்கின்றன. சிஆர்டியின் பழைய வியாதி நம் போன்களில் திரும்ப வந்திருக்கிறது.

நாலாம் நாள் காலையில் அடுத்த சாம்பல் போட்டோ வந்தது. படிவக் கோடுகள் இல்லை. கீழே டாஸ்க்பார் இருந்த இடத்தில் மட்டும், தேடினால் தெரியும் அளவுக்கு ஒரு கோடு. வலது மூலையில் இருந்த பழுப்புத் திட்டு அப்படியே இருந்தது. அது வயதாலும் சூட்டாலும் வந்தது, ஓய்வு கொடுத்தாலும் போகாது. ஆனால் அந்தத் திட்டுக்காக யாரும் கணினியைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

பத்து நிமிடத்தில் திரை அணையும்படியும், டாஸ்க்பார் தானாக மறையும்படியும் வைத்தாயிற்று. வெளிச்சத்தையும் குறைத்தாயிற்று. செலவு பூஜ்யம்.

இது ஒரு கடையின் கதை மட்டும் இல்லை. இ-சேவை மையம், ரேஷன் கடை, டேலி ஓடும் மண்டிகள் என்று ஒரே கட்டங்களை நாள் முழுக்கக் காட்டும் திரைகள் நம் பக்கம் ஏராளம். போடியில் ஏலக்காய் ஏலம்கூட 2007 முதல் கணினித் திரையில்தான் நடக்கிறது. மின்கழிவுக்கு இந்தியாவில் 2012 முதல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் கடமலைக்குண்டிலோ மயிலாடும்பாறையிலோ ஒரு கணினி கழிவாகிறதா இல்லையா என்பதை அந்த விதிகள் முடிவு செய்வதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பவர் சொல்லும் ஒரு சொல் முடிவு செய்கிறது. அவர் ‘எரிஞ்சு போச்சு’ என்றால், ஒரு ராத்திரி அணைத்து வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.