நாலடிச் சுவர்

சென்னையில இருந்து பெங்களூருக்கு எவ்வளவு நேரம்னு மேப்ல போட்டா ஆறு மணி நேரம் சொல்லும். நம்மள்ல பல பேருக்கு அதுக்கு நடுவுல வேலூர், ஆம்பூர் எல்லாம் வெறும் டோல் கேட், பிரியாணி. அவ்வளவுதான்.

1800 ஏப்ரல்ல ஒருத்தர் கிட்டத்தட்ட இதே வழியில கிளம்புறாரு. பேரு பிரான்சிஸ் புக்கானன். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியில டாக்டர். திப்பு சுல்தான் 1799-ல விழுந்த பிறகு, மைசூர்ச் சீமையில என்ன விளையுது, என்ன தொழில் நடக்குதுன்னு பார்த்து எழுதச் சொல்லி வெல்லெஸ்லி அனுப்புறாரு. காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா, பேரணாம்பட்டு பக்கத்துல சாத்கர், அங்கிருந்து மலையேற்றம். மொத்தப் பயணமும் ஒரு வருஷத்துக்கு மேல. 1807-ல மூணு தொகுதியா புத்தகம் வந்தது. கம்பெனிக்காக எடுத்த கணக்கு அது, மறந்துடக் கூடாது. ஆனா மனுஷன் கண்ணுல பட்டதை எல்லாம் எழுதி வச்சிருக்காரு.

மெட்ராஸை விட்டுக் கிளம்பின உடனேயே அவர் கண்ணுல பட்டது சத்திரமும், சுமை தூக்குறவங்களுக்காகத் தர்மத்துக்குக் கட்டின சுவரும். உயரம் சுமார் நாலு அடி. நம்ம சுமைதாங்கிதான். காவேரிப்பாக்கம் பக்கம் அந்தப் பேர்லயே ஒரு ஊர் இருக்கு. கர்ப்பத்தோட இறந்துபோன பொண்ணு ஞாபகமா சுமைதாங்கிக் கல் நடுற வழக்கமும் நம்ம ஊர்ல உண்டு. அவ இறக்கி வைக்க முடியாமப் போன பாரத்துக்காக.

ஏன் நாலு அடி? இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிறான். தலைச்சுமையைத் தரையில வச்சுட்டா, திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். தனியா போறவனுக்கு அந்த ஆள் கிடையாது. அதனால எவ்வளவு கழுத்து வலிச்சாலும் இறக்க மாட்டான். சுவர் இருந்தா சும்மா சாய்ச்சு வைக்கலாம், உட்காரலாம், அப்புறம் யார் தயவும் இல்லாம தலையைக் குடுத்து எடுத்துட்டுப் போகலாம். புக்கானனும் இதைக் கவனிச்சு எழுதியிருக்காரு. அதாவது, ஓய்வெடுக்கிறது கஷ்டமில்ல, திரும்ப ஆரம்பிக்கிறதுதான் கஷ்டம். சுவர் கட்டினவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு.

மாசக்கணக்கா லேப்டாப்போட ஊர் ஊரா சுத்துற நம்ம நண்பர்களை எடுத்துக்கோங்க. உடம்பு கெஞ்சும், ஆனா நிக்க மாட்டாங்க. அடுத்த ரூம் புக் ஆகிடுச்சு, டிக்கெட் கேன்சல் பண்ணா காசு போகும். இறக்கினா தூக்கிவிட ஆள் இல்ல. "மெதுவா போ மச்சி"ன்னு அட்வைஸ் பண்ணி ஒண்ணும் ஆகப் போறதில்ல. ரெண்டு வாரத்துக்கு எதையும் புக் பண்ணாம விடுறதுதான் அவங்களுக்குச் சுவர்.

1856 ஜூலை 1, ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடுது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் பாதை. சத்திரத்துக்குச் சத்திரம் தங்கிப் போன தூரம், சில மணி நேரமா சுருங்கிடுச்சு.

ஆனா சுமை எங்கேயும் போகலயே? ஆம்பூர்ல ஷூ பெட்டி ஏத்திக்கிட்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போற லாரி இன்னிக்கும் இதே வழியிலதான் ஓடுது. 1961-ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேர வேலை, தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்குள்ள அரை மணி நேர ஓய்வுன்னு சொல்லுச்சு. வண்டி லேட்டானா வாடகையில பிடிச்சுக்குவாங்கன்னா, எந்த டிரைவர் அந்த அரை மணி நேரத்தை எடுப்பாரு? சட்டம் ஓய்வு எடுன்னு சொல்லுது. திரும்பத் தூக்கிவிட அங்க சுவர் இல்ல.