வாணமும் வழிபாடும்

ஒளியாய் நின்ற பரம்பொருளை ஒளியைக் கொண்டே வழிபடுதல் சைவர்தம் தொன்மரபு. தில்லைக் கூத்தன் தன் இடக்கரம் ஒன்றில் தீ ஏந்தி ஆடுகின்றான். அண்ணாமலை ஐம்பூதத் தலங்களுள் தீத்தலமாய் விளங்குகின்றது. கருவறையின் தூண்டாவிளக்கும், கார்த்திகைத் திருநாளில் மலையுச்சியில் தோன்றும் பெருஞ்சுடரும், கோயில் முன்றிலில் எரியும் சொக்கப்பனையும் இவ்வுண்மையைக் கண்ணுக்குப் புலப்படுத்துவன. இவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்தது வாணவேடிக்கை. சுவாமி எழுந்தருளும்போது அதிர்வேட்டு முழங்குவதும், தேர் நிலைக்கு வந்த இரவில் வானில் வாணங்கள் பூத்துச் சொரிவதும் இன்று பல ஊர்களில் திருவிழாவின் உறுப்பாகவே கருதப்படுகின்றன. அதற்கென உபயம் செய்யும் அன்பர்கள் பலர். கடைதோறும் சென்று சரக்குகளைத் திரட்டித் தாமே வெடி சமைக்க முனையும் ஆர்வலரும் சிலர் உளர். ஆகலின், வாணம் எங்கிருந்து வந்தது, அதற்குரிய பொருள்கள் எவ்வாறு கிடைத்தன, அவற்றைக் கையாண்டோர் யாவர் என்பவற்றை ஆராய்ந்து காண்டல் பயனுடைத்து.

முதற்கண் அறியற்பாலது ஒன்றுண்டு. நாயன்மார் காலத்துத் திருவிழாக்களில் வாணம் இல்லை. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம் அக்காலத்துத் திருவிழாக்களை நிரல்பட எடுத்துரைப்பது. ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்றின்னோரன்ன விழாக்கள் ஆண்டுக் காணப்படுகின்றன. வெடியும் வாணமும் காணப்படவில்லை. அக்காலத்தில் வெடிமருந்து இந்நாட்டிற்கு வந்திலது. வாணம் இன்றியே அவ்விழாக்கள் நிறைவுற்றன. அடியவர் உள்ளமும் நிறைவுற்றது. எனவே வாணம் என்பது வழிபாட்டின் உயிர் அன்று. பிற்காலத்தார் மகிழ்ந்து சேர்த்த அணியே என்பது தெளிவு.

ஆயின், தீயைக் கோயிலுக்கு அளித்த முன்னோர் அதனை எத்துணை ஒழுங்குடன் அளித்தனர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் திருவிளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்றும், அதற்கு ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அன்றி 48 பசுக்கள், அன்றி 16 எருமைகள் விடப்பட்டன என்றும் கூறுகின்றன. அந்நெய் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய அளவையால் அளக்கப்பட்டது. அக்கால்நடைகளை ஏற்றுக்கொண்ட இடையர்தம் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. ஆட்டின் தொகை குறையாது நிற்க வேண்டும் என்பதைக் குறிக்கச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டுகள் வழங்கும் தொடர் சிந்திக்கத் தக்கது. விளக்கேற்ற விழைந்தவர் ஒரு பொற்காசை வைத்துவிட்டுச் சென்றாரல்லர். எரிபொருள் எங்கிருந்து வரும், எவர் கையால் வரும், எவ்வளவு வரும், தவறின் எவர் விடை சொல்வர் என்பவற்றையெல்லாம் வரையறுத்தபின்னரே சுடர் ஏற்றினார். சுடரை அளித்தவர் அதன் காவலையும் உடன் அளித்தார் என்பது இதன் பொருள்.

இனி வாணத்தின் வரலாற்றைக் காண்போம். வெடிமருந்து சீனநாட்டில் தோன்றியது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டளவில் அந்நாட்டு இரசவாதிகள் அதனைக் கண்டறிந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. 1044-இல் அங்குத் தொகுக்கப்பெற்ற போர்முறை நூலொன்றில் அதன் செய்முறை எழுதப்பட்டுள்ளது. வெடியுப்பைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரபு நாட்டார் ‘சீனப்பனி’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். அப்பெயரே அது வந்த வழியைக் காட்டும். தென்னாட்டில் திருவிழா வாணத்துக்குச் சிறந்த சான்று விசயநகரத்திலிருந்து கிடைக்கின்றது. 1443-இல் பாரசீக அரசர் சாருக் என்பாரின் தூதராய் அந்நகருக்கு வந்த அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் தாம் கண்ட வாணவேடிக்கைகளைத் தம் குறிப்பில் வியந்து எழுதியுள்ளார். ஏறத்தாழ 1520-இல் அங்கு வந்த போர்த்துகீசியரான பயசு என்பாரும் அவ்விழாவின் வாணங்களைக் குறித்துள்ளார். அரசர் விழாவில் சிறப்புற்ற இவ்வேடிக்கை காலப்போக்கில் கோயில் விழாக்களிலும் இடம்பெற்றது.

‘வாணம்’ என்னும் சொல்லே ‘பாணம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. அம்பு என்பது அதன் பொருள். விண்ணில் பாயும் வாணத்துக்கும் போர்க்களத்து அம்புக்கும் உள்ள உறவை அப்பெயர் மறவாது காத்து வருகின்றது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலப் படையை முறியடித்தபோது, இரும்புக் குழல் பொருத்திய வாணங்கள் அக்களத்தில் பாய்ந்தன. கோயில் வீதியில் குழந்தைகளை மகிழ்விக்கும் பொருளும் கோயில் நகரத்தின் அருகே மாந்தர் உயிரைக் குடித்த பொருளும் ஒன்றே. இவ்விரட்டைத் தன்மையை உணராதார் வாணத்தை உணர்ந்தவராகார்.

வாணம் செய்யும் கலையை ஏட்டில் எழுதிவைத்தாரும் உளர். கலிங்கநாட்டை ஆண்ட கசபதி பிரதாபருத்திரன் பெயரால் வழங்கும் ‘கௌதுக சிந்தாமணி’ என்னும் வடநூல் வாண வகைகளைக் கூறுகின்றது. அம்மன்னன் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவன். அந்நூலையும் பிற சான்றுகளையும் புனே நகரத்து அறிஞர் ப. கி. கோடே ஆராய்ந்து, 1953-இல் இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாற்றைத் தனிநூலாக வெளியிட்டார். கந்தகம், கரி, இரும்புத்தூள், மூங்கிற்குழல் முதலாய பொருள்கள் அப்பழைய குறிப்புகளில் இடம்பெறுகின்றன. இவை பெரும்பாலும் மருத்துவரும் கொல்லரும் அறிந்த சரக்குகளே என்பது நோக்கத்தக்கது.

அச்சரக்குகள் கிடைத்த வகை இன்னும் நோக்கத்தக்கது. மூலச் சரக்குகள் மூன்று: வெடியுப்பு, கந்தகம், கரி. இவற்றுள் வெடியுப்பு நிலத்தில் தானே பூப்பது. மாட்டுத்தொழுவங்களை அடுத்தும் பழங்குடியிருப்பு நிலங்களிலும் மழை ஓய்ந்து வெயில் காயும் நாள்களில் மண்மேல் வெண்ணிறமாய் உப்புப் பூக்கும். அம்மண்ணைச் சுரண்டி எடுத்து, நீர் ஊற்றி வடித்து, அவ்வடிநீரைக் காய்ச்சி ஆறவிட உப்பு படிகமாய்த் திரளும். பீகார் நாட்டில் நூனியர் என்னும் வகுப்பார் இத்தொழிலை வழிவழியாகச் செய்து வந்தனர். தமிழகத்தில் உப்பிலியர் செய்தனர். பீகாரின் வெடியுப்பை விரும்பியே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பாட்னாவில் பண்டகசாலை நிறுவினர். பிளாசிப் போருக்குப்பின் 1758-இல் ஆங்கிலக் கம்பெனியார் அவ்வாணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். கந்தகம் இந்நாட்டில் அரிதாகலின் பெரிதும் கடல் வழியே வந்தது. சித்த மருத்துவர் அதனைத் தூய்மை செய்து மருந்தாக்கினர். கரியோ எளிய செடிகளிலிருந்தே கிடைத்தது. துவரந்தட்டையும் எருக்கங்குச்சியும் அதற்குப் பயன்பட்டன. எருக்கின் மலர் சிவபெருமான் திருமுடிக்கு உரியது. அதன் தண்டின் கரி வெடிக்கு உரியதாயிற்று.

இம்மூன்று சரக்கையும் தேடியவர் அவற்றின் இயல்பை நெடுநாள் பழகி அறிந்தவர் ஆவர். உப்பைக் காய்ச்சியவன் அதன் ஈரத்தையும் மாசையும் கையால் அறிவான். கரி சுட்டவன் அதன் மென்மையை அறிவான். வாணக்காரர் குடும்பத்தில் தந்தை அருகிருந்து மைந்தன் கற்றான். பொருளும் அறிவும் ஒரே வழியில் ஒருங்கே நடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. சிலி நாட்டுச் சுரங்க உப்பும் தொழிற்சாலை உப்பும் சந்தைக்கு வந்தன. மண்ணிலிருந்து உப்பு எடுக்கும் தொழில் மெல்ல மெல்ல மறைந்தது. பொருள் மட்டும் பொட்டலமாய்க் கடைக்கு வந்தது. அறிவு உடன் வந்திலது. இவ்விரண்டின் பிரிவே பிற்காலத் துன்பங்கள் பலவற்றுக்கும் வித்தாயிற்று எனின் மிகையாகாது.

அந்நூற்றாண்டில் வாணங்களுக்கு வண்ணம் ஊட்டும் புதிய உப்பொன்றும் வழக்கிற்கு வந்தது. பொட்டாசியம் குளோரேட்டு என்பது அதன் பெயர். செம்மை, பசுமை முதலாய ஒளிமிகு நிறங்கள் அதனால் வாய்த்தன. ஆயினும், அது கந்தகத்தோடு சேருமிடத்துச் சிறு உராய்வும் சிறு தட்டும் பொறாது வெடிக்கும் கொடுந்தன்மை எய்துகின்றது. பலர் மாண்டபின் இங்கிலாந்து 1894-இல் அக்கலவையை வாணங்களில் தடுத்தது. இந்தியாவில் அத்தடை 1992-இல் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளி! அவ்விடைவெளியில் அக்கலவையை இடித்துக் கையிழந்தோரும் கண்ணிழந்தோரும் சிற்றூர்தோறும் இருந்தனர். சரக்கு எளிதிற் கிடைக்கின்றது என்பதனால் அது எளியது ஆகிவிடாது என்னும் பாடத்தை அவர் உடற்குறையே உலகிற்கு உரைத்தது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1884-இல் இந்திய வெடிபொருள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் வகுக்கப்பட்டன. வெடிபொருள் ஆக்குதற்கும் தேக்கிவைத்தற்கும் விற்றற்கும் உரிமம் வேண்டும் என்பது அவற்றின் சாரம். இதே காலத்தில் தமிழகத்தின் வறண்ட நிலமொன்றில் ஒரு தொழில் வேர்கொண்டது. 1923-இல் சிவகாசியினின்று ப. அய்ய நாடார், அ. சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டியை அடுத்து மத்தாப்பும், அதனை அடுத்துப் பட்டாசும் அங்கு ஆக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது அயல்நாட்டுப் பட்டாசுகள் வருவது நின்றமை அத்தொழிலை வளர்த்தது. இன்று நாடெங்கும் விழாக்களில் ஒளிர்வன பெரும்பாலும் அந்நிலத்தின் வாணங்களே. அவ்வொளிக்குப் பின்னே உழைப்போர்தம் உயிரும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த தொழிற்சாலை விபத்தில் முப்பதின்மர்க்கு மேல் மாண்டனர்.

தொழிற்கூடத்தில் நேர்வது திருக்கோயிலிலும் நேர்ந்தது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துப் பரவூரில் உள்ள புற்றிங்கல் தேவி கோயிலின் மீனபரணி விழாவில், 2016 ஏப்ரல் 10-ஆம் நாள் விடியற்காலையில், இரு சாரார் போட்டியிட்டு வெடி விட்டனர். போட்டி வெடிக்கு மாவட்ட ஆட்சியினர் இசைவு மறுத்திருந்தனர். வெடிகள் அடுக்கிவைக்கப்பட்டிருந்த கட்டடத்தில் தீப்பொறி வீழ்ந்தது. அக்கட்டடம் சிதறித் தெறித்தமையால் தொலைவில் நின்றோரும் மாண்டனர். இறந்தோர் நூற்றுவர்க்கு மேற்பட்டனர். புண்பட்டோர் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டனர். இத்துன்பம் ஆறாத நிலையில், 2024 அக்டோபர்த் திங்களின் இறுதியில் அந்நாட்டின் வடபகுதியில் நீலேசுவரத்துக் கோயில் விழாவில், வெடிகள் வைத்திருந்த அறையில் தீப்பற்றி நூற்றைம்பதின்மர்க்கு மேல் தீப்புண் உற்றனர்; அவருள் சிலர் பின்னர் உயிர் நீத்தனர். ஈரிடத்தும் தீங்கு வானில் பறந்த வாணத்தால் மட்டும் விளைந்ததன்று. மக்கள் திரளுக்கு அண்மையில் தேக்கிவைத்த சரக்கால் விளைந்தது. அம்மையின் திருமுன் விளக்கேற்ற வந்தவர் வீடு திரும்பவில்லை.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால், வாண உபயம் செய்வார்க்கு உரிய கடமை யாது என்பது தானே புலனாகும். தஞ்சையில் விளக்குக்கு ஆடு விட்டோர் கேட்ட வினாக்களையே வாணம் அளிப்போரும் கேட்டல் வேண்டும். இச்சரக்கு எங்கிருந்து வருகின்றது? செய்தவர் உரிமம் உடையவரா? விழா நாளளவும் அஃது எங்கே வைக்கப்படும்? கொளுத்துபவர் பயின்றவரா? மக்கள் நிற்கும் இடம் எவ்வளவு தொலைவு? மாவட்ட ஆட்சியினரின் இசைவு பெறப்பட்டதா? இரவு 10 மணிக்கு மேல் விடியற்காலை 6 மணி வரை ஒலிவெடி கூடாது என 2005-இல் உச்சநீதிமன்றம் விதித்த வரையறை போற்றப்படுகின்றதா? இவ்வினாக்கட்கு விடை கிடையாதாயின், அவ்வுபயப் பொருளை நெய்விளக்காகவோ அன்னமாகவோ மாற்றி அளித்தலே அறமாகும். விளக்கின் ஒளி வாணத்தின் ஒளியினும் சிறிதென இறைவன் கருதான்.

வெடி சமைக்கும் ஆர்வமுடைய இளைஞரைக் கடிந்து ஒதுக்குதல் வேண்டா. அவர்தம் ஆர்வம் அழகை நாடும் ஆர்வமே. ஆயின், கடைச் சரக்கை வீட்டுத் திண்ணையில் கலப்பது கலை அன்று. வேதியியலை முறையாகக் கற்று, உரிமம் உடைய தொழிற்கூடத்தில் பயின்று, பின்னரே அத்தீயைக் கையால் தொடுதல் தகும். குருவின்றி மந்திரம் கொள்ளுதல் எவ்வாறு ஆகாதோ, அவ்வாறே பயிற்சியின்றி மருந்தைத் தொடுதலும் ஆகாது. இதனை அன்போடு எடுத்துரைத்தல் ஊர்ப் பெரியோர் கடன்.

பெருமான் கையில் தீ உண்டு. அத்தீ அவன் கைக்குள் அடங்கியே நிற்கின்றது. அவனை வழிபடுவோர் கைத்தீயும் அடங்கி நிற்றல் வேண்டும். திருக்குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில், திருக்கோயிலுக்கு ஒளி அளிக்கும் அன்பர் அனைவரும் அவ்வொளியின் காவலையும் உடன் அளிப்பாராக. விழாவுக்கு வந்த ஒவ்வொருவரும் நலனோடு இல்லம் சேர்தலே விழாவின் நிறைவாம். அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.