ஆக்சிஜன் இல்லா இரைப்பைப் பூஞ்சைகள்: பெயரிடலில் மரபுச் சான்றின் வரலாறு

அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில், ஆக்சிஜன் சிறிதும் இல்லாத சூழலில் வாழ்ந்து, வைக்கோல், சோளத்தட்டை போன்ற நார்மிகு தீவனத்தின் கடினமான திசுக்களை ஊடுருவிச் சிதைக்கும் பூஞ்சைக் கூட்டம் ஒன்று உண்டு. நியோகாலிமாஸ்டிகோமைக்கோட்டா என்னும் தனித் தொகுதியாக இன்று ஏற்கப்பட்டுள்ள இக்கூட்டம், பூஞ்சை என்ற அடையாளத்தைப் பெறவே அறுபது ஆண்டுகளுக்கும் மேலானது. அதன் உறவுமுறையும் பெயர்களும் மரபுச் சான்றால் திருத்தப்பட்டுவரும் வரலாற்றையும், அதில் பெங்களூரு ஆடுகோடி ஆய்வகம் உள்ளிட்ட இந்திய ஆய்வுகளின் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீபெடான்ஸ் (1910), பிரவுன் (1913) ஆகியோர் இரைப்பை நீரில் நீந்தும் நுண்ணுயிரிகளைக் கண்டு, அவற்றைக் கசையிழைகொண்ட ஒருசெல் விலங்குகளாகக் கருதி விவரித்தனர். கசையிழை என்பது செல்லை நீந்தச் செய்யும் மெல்லிய இழை. மெய்யான பூஞ்சைகள் அனைத்தும் உயிர்வாழ ஆக்சிஜனை நாடுபவை என்று அன்று நம்பப்பட்டதால், அவற்றைப் பூஞ்சையோடு இணைத்துப் பார்க்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. 1975-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் ஆர்பின், விலங்குக்குத் தீவனம் இட்ட சிறிது நேரத்தில் இந்நீந்திகளின் எண்ணிக்கை திடீரென உயர்வதை ஆராய்ந்து, அவை தனி விலங்குகள் அல்ல, தீவனத் துணுக்கில் ஒட்டி வளரும் உடலத்திலிருந்து வெளிப்படும் இயங்குவித்துகளே என்று காட்டினார். 1977-இல் அவற்றின் செல்சுவரில், பூஞ்சைகளின் சுவருக்கே உரிய கைட்டின் என்னும் பொருளையும் அவர் கண்டறிந்தபின், ஐயம் பெருமளவு நீங்கியது.

அடுத்த கட்டத்தில் வகைப்பாடு உருவத்தையே நம்பியது. இயங்குவித்துக்கு ஒரு கசையிழையா பலவா, உடலத்தில் வித்துகள் உருவாகும் பையான வித்தகம் ஒன்றா பலவா, உடலம் இழைகளாகக் கிளைக்கிறதா குமிழ்போல் பருக்கிறதா என்ற மூன்று கேள்விகளின் விடையே பேரினங்களைப் பிரித்தது. 1988-இல் கோல்டும் உடன் ஆய்வாளர்களும், விலங்குகளுக்கென இடப்பட்டிருந்த பழைய பெயர்களை விடுத்து, பைரோமைசிஸ், சீகோமைசிஸ் ஆகிய பேரினப் பெயர்களை நிறுவினர். 1989-இல் ஆர்பினோமைசிஸும் 1990-இல் அனேரோமைசிஸும் 2001-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் சில்லாமைசிஸும் சேர, நியோகாலிமாஸ்டிக்ஸ் உட்பட பேரினங்கள் ஆறாயின. எனினும் வளர்ப்பு ஊடகமும் வயதும் மாறினால் ஒரே பூஞ்சையின் வடிவமே மாறுவதுண்டு. அதனால் உருவச் சான்றை மட்டும் கொண்டு வரையப்பட்ட எல்லைகள் உறுதியற்றவையாகவே இருந்தன.

மரபுச் சான்று இதனிடையே மெல்ல நுழைந்தது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் மரபணுக்கள் எல்லா உயிர்களிலும் இருப்பதாலும், மிக மெதுவாக மாறுவதாலும், அவற்றின் எழுத்து வரிசையை ஒப்பிட்டால் தொலைதூர உறவும் தெரியவரும். 1990-களின் தொடக்கத்தில் நடந்த இவ்வகை ஒப்பீடுகள், இவ்விரைப்பைப் பூஞ்சைகள் கைட்ரிட் என்னும் நீர்ப்பூஞ்சைகளுக்கு அண்மையில் நிற்பதைக் காட்டின. 1993-இல் இவற்றுக்குத் தனித் துறையும், பல மரபணுக்களைச் சேர்த்து நடந்த ஆய்வுகளின் பின் 2007-இல் தனித் தொகுதியும் நிறுவப்பட்டன.

மரபணுவை நாடியவுடன் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பூஞ்சைகளுக்குப் பொதுவான அடையாளமாக ஏற்கப்பட்டுள்ள ஐ.டி.எஸ். எனும் இடைப்பகுதி, ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே அமைந்து வேகமாக மாறுவது. இக்கூட்டத்திலோ அப்பகுதியின் நீளமே பேரினத்துக்குப் பேரினம் வேறுபடுவதோடு, ஒரே உயிரியின் மரபுத்தொகையில் உள்ள அதன் பல படிகளும் தமக்குள் வேறுபடுகின்றன. ஆகவே, ரைபோசோமின் பெரிய துணையலகு மரபணுவின் ஒரு பகுதியே ஒப்பீட்டுக்கு நம்பகமானது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். முதலில் ஆர்பினோமைசிஸ் எனக் கருதப்பட்டு, 2013-இல் மரபுத்தொகை முழுதும் வெளியிடப்பட்ட ஒரு கிளை, 2017-இல் பெக்கோராமைசிஸ் என்னும் புதிய பேரினமாக மாற்றப்பட்டது இத்திருத்தங்களின் நேரடி விளைவு.

இப்பின்னணியிலேயே இந்தியப் பங்களிப்பை மதிப்பிட வேண்டும். பெங்களூருவின் ஆடுகோடியில் இயங்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியக்கவியல் நிறுவனம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1995-இல் தொடங்கப்பட்டது. நார்மிகு தீவனத்தை நம்பி வாழும் எருமையின் வயிற்றில் உள்ள பூஞ்சை அங்கே வெறும் வகைப்பாட்டுப் பொருளன்று, செரிமானத் திறனின் அடிப்படையும் ஆகும். அந்நிறுவனத்தின் ஸ்ரீதர், குமார், ஆனந்தன் ஆகியோர், முடிச்சுகள் கொண்ட வித்தகக் காம்புடைய ஒரு பூஞ்சையை இந்திய நீர் எருமையிலிருந்து பிரித்தெடுத்து, 2014-இல் சில்லாமைசிஸ் இகாரிஸ் என்ற புதிய சிற்றினமாக விவரித்தனர். மறு ஆண்டே, இந்திய ஒட்டகத்தின் செரிமானப் பாதையிலிருந்து ஊன்ட்டோமைசிஸ் என்ற புதிய பேரினம் விவரிக்கப்பட்டது. 2018-இல் புணே அகர்கர் ஆய்வு நிறுவனத்தினர் ஆட்டின் இரைப்பையிலிருந்து லீபெடான்ஸோமைசிஸை அறிவித்தனர். முன்பு விலங்கெனக் கருதப்பட்டவற்றை விவரித்த லீபெடான்ஸின் பெயர், இவ்வாறு ஒரு பூஞ்சைப் பேரினத்தில் நிலைபெற்றது.

2014 வரை ஆறாக இருந்த பேரினங்கள் பத்தாண்டுக்குள் இருபதைக் கடந்தன. 2020-இல் மட்டும் ஒரே ஆய்வில் ஏழு சேர்ந்தன. இக்கூட்டம் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தாவர உண்ணிப் பாலூட்டிகளின் எழுச்சியை ஒட்டித் தோன்றியதாக 2019-இல் கணிக்கப்பட்டது. ஆனால் ஆமைகளில் கண்டறியப்பட்ட இரு பேரினங்கள், 2023-இல், தோற்றத்தைப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கொண்டு சென்றன. பாலூட்டிகளோடு மட்டும் இணைத்துச் சொல்லப்பட்ட கதை அத்துடன் விரிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து எழும் முடிவு ஒன்று. பெயர் நிலைபெற, உருவம், மரபுவரிசை, காத்து வைக்கப்பட்ட வளர்ப்பு ஆகிய மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டும். மரபுவரிசை கிடைக்கும் முன் பெயரிடப்பட்டு, வளர்ப்பும் எஞ்சாத சிற்றினங்களை எதனோடும் ஒப்பிட வழியில்லை. காற்றுப் பட்டால் மடியும் இவ்வுயிர்களைப் பேணுவதும் எளிதன்று. 2013 முதல் பூஞ்சையின் புதிய பெயர் செல்லுபடியாக, அது பொதுப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி, பெயரின் இருப்பை உறுதிசெய்கிறதேயன்றி, உயிரியின் இருப்பை உறுதிசெய்வதில்லை. எருமை, ஆடு, ஒட்டகம், யானை எனத் தாவர உண்ணிகள் நிறைந்த இந்நாட்டில், ஒவ்வொரு புதிய பிரித்தெடுப்பையும் அதன் மரபுவரிசையோடும் உறைநிலையில் காக்கப்படும் வளர்ப்போடும் சேர்த்து நிறுவுவதே, அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு இன்றைய ஆய்வாளர் ஆற்ற வேண்டிய முதற்கடன்.